கம்பம் நட்ட கை

என் அறைக் கதவில் ‘பேஷண்ட் அட்வகேட்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு எட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், “ஏனுங்க, வக்கீலுங்களா? நாங்க கேஸெல்லாம் போடறதில்லீங்க” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் வக்கீல் இல்லை, கோர்ட் வாசலை மிதித்ததுகூடக் கிடையாது, டாக்டரிடம் நீங்கள் கேட்கத் தயங்குவதைக் கேட்டுச் சொல்கிற ஆள் என்று விளக்குவதிலேயே என் காலைப்பொழுது கழியும்.

சின்ன வயதில் வீட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போய்க் குப்பை கொட்டப் போகிறாயோ என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில் அந்த வாய்க்குத்தான் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி சம்பளம் கொடுக்கிறது.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து மரியாதை மேல் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்கள் அதை வாய் ஓயாமல் புகழ்வார்கள். ஆஸ்பத்திரியில் அது ஆளைக் கொன்றுவிடும். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் “கொஞ்சமுங்க” என்பார்கள். உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் “சாப்பிடறனுங்க” என்பார்கள். அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். எதிர்த்துப் பேசிவிட்டால் படித்தவர் மனம் கோணிவிடுமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து தாங்கள் நினைத்ததையே செய்வார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். அதனால் அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து மதியம் ஒன்றில் ஐசியூ நர்ஸ் என்னைப் போனில் கூப்பிட்டாள். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் ஆம்புலன்ஸில் வந்த ஒரு அம்மாவை வீட்டுக்காரர்கள் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்கிறார்களாம். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்படி டாக்டரும் சொல்லிவிட்டாராம். போவதற்குள் நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள்.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். குறுக்கே நாய் வந்து, வண்டி சாய்ந்து, பின்மண்டை தார் ரோட்டில் மோதியிருக்கிறது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறும் ஆக்கியிருக்கிறார். விடிவதற்குள் வாந்தி. கோபியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த கையோடு கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலை அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் கைராசிக்காரர். வார்த்தைக்குத்தான் அவரிடம் பஞ்சம். என்னைக் கண்டதும் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பட்டை. அது ரத்தம்.

“இத்தோட நிக்கலாம். நிக்காமயும் போகலாம். பெருசாச்சுன்னா உடனே திறந்து எடுக்கணும், தாமதிக்க முடியாது. இப்ப நல்லாத்தான் பேசறாங்க, அதைப் பாத்து ஏமாந்துடக் கூடாது. போற வழியில நினைவு தப்பினா அவ்வளவுதான்.”

அவர்கள் செலவுக்குப் பயப்படுகிறார்கள் என்று அவர் நினைத்தார். காப்பீடு இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

வராந்தாவில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கணவர். இன்னொருவர் கணவரின் அண்ணன். பேச்செல்லாம் அண்ணன்தான். வீட்டில் மாடு கன்று இருக்கிறது, கறக்க ஆளில்லை, இங்கே இவ்வளவு கவனித்துக்கொண்டதே பெரிது, டாக்டருக்கு நெம்ப நல்ல மனசு, நாங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று வெல்லம் தடவிய மாதிரி பேசிக்கொண்டே போனார். கணவர் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். விரல்களுக்கு இடையில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

“ஏனுங்கண்ணா, ஊர்ல கம்பம் நட்டாச்சுங்களா?” என்று கேட்டேன்.

அண்ணனின் பேச்சு பட்டென்று நின்றது. கணவர் நிமிர்ந்தார். “முந்தாநேத்து நட்டமுங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோன்பி சாட்டினால், அதாவது திருவிழா அறிவித்தால், கோயில் முன்னால் மூன்று கிளை பிரிந்த மரம் ஒன்றை வெட்டி வந்து நடுவார்கள். அதுதான் கம்பம். மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, அதை அம்மனின் புருஷனாகவே வைத்துக் கும்பிடுவார்கள். பெண்கள் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பத்தை நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வேலைவெட்டிக்கு எங்கே போனாலும் பொழுது சாய ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த வருடம் கம்பம் நடுகிற முறை இவர் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. நட்டது இவர் கை. காப்புக் கட்டியிருந்ததும் அந்தக் கையில்தான்.

இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “படிச்சவங்ககிட்ட இதப் போயிச் சொன்னாச் சிரிப்பாங்கல்லங்க” என்றார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்புக்குப் பயந்து ஒரு உயிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைக் கேட்காமல் கையெழுத்து வாங்கச் சொல்கிறார் டாக்டர். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திரும்ப டாக்டரிடம் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வேறு ஜில்லாக்காரர். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், மூளைக்குப் பக்கத்தில் ரத்தத்தை வைத்துக்கொண்டு கம்பமா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று என்னிடம் எரிந்து விழுந்தார். அவர்களைத் திருத்துவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை டாக்டர் என்றேன். பிறகு, அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா என்றேன்.

“அதான் வீட்டுக்காரர் சொல்லிட்டாரே.”

“தலை அந்தம்மாவோடதுங்க டாக்டர்.”

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு எழுந்து என்னோடு வந்தார்.

கட்டிலில் அந்த அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மஞ்சள் பூசிக் குளித்த முகம் வெளுத்துக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டேன். லேசான அடி என்று சொன்னார்களாம். சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து, “லேசான அடிக்கு ஆரு ஆம்புலன்ஸ்ல இத்தன தூரம் கூட்டியாருவாங்க?” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். நல்லபடியாகவே, மெதுவாகவே சொன்னார். இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று கேட்டார்.

“அவரு என்ன சொல்றாரோ அதேதானுங்க.”

பார்த்தாயா என்பது போல டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு இருந்த பொறுமையும் போயிற்று. “அம்மணி, அவருக்குத் தலை வலிக்கலீங்க. உங்களுக்குத்தான் வலிக்குது” என்றேன்.

அந்த அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஏதோ மெஷின் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.  டாக்டர் கிளம்பியிருந்தால் அவர் சட்டையையே பிடித்து நிறுத்தியிருப்பேன். அப்போது அந்த அம்மா கேட்டார்.

“இப்பக் கெளம்புனா, பொழுதுக்குள்ள அவரு ஊடு போயிச் சேந்துருவாருங்களா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தன்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. தான் இங்கே இருந்தால் கணவரும் இங்கேயே தங்கிவிடுவார், கம்பம் நட்டவன் எல்லை தாண்டித் தங்கினான் என்று ஊர் பேசும், நாளைக்கு ஊரில் ஒரு மாடு செத்தாலும் அதற்கு இவள்தான் காரணம் என்பார்கள். குழந்தை இல்லாதவள் என்று ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசியிருக்கிறார்கள், அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். இந்தப் பழிக்குப் பயந்துதான் போகலாம் என்கிறார். வராந்தாவில் நிற்கிற மனிதரோ, நோன்பி நேரத்தில் எல்லைக்கு வெளியே இருக்க இவள் மனசு தாங்காது என்று நினைத்துப் போகலாம் என்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே சுடுகாட்டுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை அனுப்பி வைக்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். என்னிடம் வேண்டாம், டாக்டரிடமே சொல்லுங்கள் என்றேன். நான் வாங்கிச் சொன்னால் அது என் வார்த்தையாகிவிடும்.

அவர் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதற்கே வலித்திருக்க வேண்டும்.

“நான் இருந்துக்கறனுங்க சார். ரத்தம் சாஸ்தியாச்சுன்னாத் தலையத் தொறந்து எடுத்துப்போடுங்க. ஆரையும் கேக்க வேண்டாமுங்க.”

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். பிடி இரும்பாக இருந்தது.

“பயமா இருக்குதுங்க. அவர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. நான் பயந்தன்னு தெரிஞ்சா அவரு போக மாட்டாரு.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வராந்தாவில் அண்ணன் குதித்தார். பொம்பளை பேச்சைக் கேட்டுத் தலையை அறுக்க விடுவதா, இது என்ன நியாயம் என்றார். வெல்லமெல்லாம் கரைந்துவிட்டது. கணவர் அவருக்குப் பதில் சொல்லாமல், அவளே சொன்னாளா என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உள்ளே போய் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார். ஐந்து நிமிஷம் முன்னால் என் கையை நொறுக்கிய கை அது.

“நீங்க இருப்பீங்கல்லங்க?” என்று என்னிடம் கேட்டார் கணவர்.

இருக்கிறேன் என்றேன். அண்ணன் வாடகைக்குப் பேசியிருந்த காரில் இருவரும் கிளம்பினார்கள்.

என் வேலை நேரம் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்த வருடம் பூவோடு எடுப்பதாக வேண்டியிருக்கிறாராம். தீ எரிகிற சட்டியைக் கையில் ஏந்திக் கம்பத்தைச் சுற்றி வருவது. கை சுடாதா என்றேன். சுடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கம்பம் நட்டாச்சுங்களா?” என்றார். ஆச்சு என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது. மற்றது அப்படியே அகலமாக நின்றது. தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிட்டாள். அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்து எல்லாம் ஓட்டம். ஸ்கேனில் அந்த மெல்லிய பட்டை தடித்துத் திரண்டிருந்தது. டாக்டர் உடனே தியேட்டருக்குச் சொல்லிவிட்டார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து வழிமறித்தார். சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை, கையெழுத்து இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு ஊரே திரண்டு வந்து நிற்கும், முதலில் கணவரின் சம்மதத்தை வாங்குங்கள் என்றார். அவர் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படி ஆட்கள் வந்து நின்றதை நானும் பார்த்திருக்கிறேன்.

கணவரின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது அண்ணன். ஊர் எல்லைக்குள் இப்போதுதான் வந்து இறங்கினோம் என்றார். பின்னால் மேளச் சத்தம். நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். “ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. அவளத் தொட வேண்டாம். காத்தால வந்து பேசிக்கறோம்” என்றார். கணவரிடம் போனைக் கொடுங்கள் என்று கத்தினேன். வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கணவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.  மேளம் மட்டும் கேட்டது.

“ஊசிக்கே அந்தப் பக்கம் திரும்பிக்குவாளுங்க” என்றார் கடைசியில். “தலையத் தொறக்கறதுக்கு அவ எப்படிங்க...”

பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள் என்பது என் நுனிநாக்கில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னை நம்பியிருப்பார். வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் கூடும். கொடுத்த வாக்கை நினைத்து அதை விழுங்கிக்கொண்டேன்.

“நான் உங்ககிட்டச் சம்மதம் கேக்கலீங்கண்ணா. அவங்க சொன்னதைச் சொல்றேன். தொறந்து எடுத்துப்போடுங்க, ஆரையும் கேக்க வேண்டாம்னு சொன்னாங்க. இந்த வார்த்தையேதான்.”

லைன் அறுந்துவிட்டது. அவரே வைத்தாரா, அண்ணன் பிடுங்கினாரா தெரியவில்லை. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

நிர்வாகத்து ஆள் என் முகத்தைப் பார்த்தார்.  அப்போது தியேட்டர் வாசலில் பச்சை உடையோடு நின்ற டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். “அந்தம்மா என்கிட்டதான் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நான் காதால கேட்டு எழுதியும் வச்சிருக்கேன்” என்றார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேனே, அதற்காக என் வாழ்நாள் முழுவதும் சந்தோஷப்படுவேன்.

தியேட்டர் வாசலில் இருக்கிற இரும்பு நாற்காலி மாதிரி ஒரு சனியன் உலகத்தில் இல்லை. உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. அவரை வீட்டுக்கு அனுப்பியது சரியா, போனில் நான் பேசியது சரியா, உள்ளே அந்த அம்மா செத்துப்போனால் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எங்கள் குலசாமியிலிருந்து தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன். மத்தியானம் டாக்டரிடம் பெரிய நியாயஸ்தி மாதிரி பேசியவள்தான்.

கதவு திறப்பதற்கு முன்னால் லிஃப்ட் திறந்தது. கணவர் வந்தார். தனியாக வந்தார். கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு வந்த பால் வண்டியில் ஏறி வந்தாராம். சட்டையெல்லாம் பால் வாடை. வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது. இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

உள்ளேதான் இருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஊரில் என்ன சொன்னார்கள் என்று கேட்க நான் விரும்பவில்லை. அவராகவே சொன்னார்.

“கம்பத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனனுங்க. ஊத்திப்போட்டு மாரியாத்தாகிட்டச் சொன்னேன். கெளம்பி வந்துட்டேன்.” காப்பைத் தடவிக்கொண்டே, “ஆரையும் கேக்கலீங்க” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, “பயந்தாளுங்களா?” என்று கேட்டார்.

என் வாயாடி வாய்க்கு வாழ்க்கையில் வார்த்தைத் தட்டுப்பாடு வந்தது அந்த ஒரு முறைதான். “தைரியமா இருந்தாங்க” என்றேன். அதுவும் பொய் இல்லை.

டாக்டர் வெளியே வந்து ரத்தத்தை எடுத்தாயிற்று, பொழைச்சுக்குவாங்க என்றார். கணவர் அவர் காலைத் தொடக் குனிந்தார். டாக்டர் பதறிப் பின்வாங்கினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன்.

மறுநாள் மத்தியானம் மூச்சுக்குழாயை எடுத்த பிறகு கணவரை உள்ளே விட்டார்கள். கூட நானும் போனேன். தலையைச் சுற்றிக் கட்டு. முகம் வீங்கியிருந்தது. அவர் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். பார்வை மெதுவாகக் கீழே இறங்கி மணிக்கட்டுக் காப்பில் நின்றது.

“ராத்திரி இங்கயா இருந்தீங்க?” குரல் கரகரவென்று வந்தது.

“ஆமா.”

அந்த அம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, கம்பம் நட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருந்துதுங்க மாமா” என்றார்.

“எனக்குந்தான்” என்றார் அவர்.

நான் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டுவிட்டு வெளியே வந்தேன்.